தாத்தாவின் அரமும் அக்கா மகனின் ரோபோ கையும்

செம்பவாங்கில் எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே ஓர் இழுப்பறை உண்டு. கற்பூரம், திரி, தீப்பெட்டியோடு ஒரு பழைய அரமும் அதற்குள் கிடக்கிறது. மரக் கைப்பிடி கறுத்து, பற்கள் மழுங்கிப்போன அரம். ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்றுதான் அது வெளியே வரும். அம்மா அதற்குப் பொட்டு வைத்து, என் மடிக்கணினிக்கும் ஹெட்போனுக்கும் பக்கத்தில் வைப்பார்.

அது என் தாத்தாவுடைய அரம். 1950களில் செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம் ஓர் இரும்புத் துண்டையும் இந்த அரத்தையும் கொடுத்து, "இதைச் சதுரமாக்கு" என்றார்களாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அரத்தைத் தள்ளும்போது கை இம்மி ஆடினாலும் இரும்பின் நடுப்பகுதி மேடாகி ஓரங்கள் சரிந்துவிடும். மேஸ்திரி வந்து மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். "மூணு வாரம் தேச்சேன். கையில காப்புக் காய்ச்சுப் போச்சு. அப்புறம்தான் மெஷின் பக்கமே விட்டாங்க" என்று தாத்தா சொல்வார்.

இத்தனை நாள் கழித்து இந்த அரம் நினைவுக்கு வரக் காரணம், சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டை.

"நீயாவது எடுத்துச் சொல்லு"

அக்கா மகன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில், நாம் எல்லாரும் ஐடிஇ என்று சொல்லும் இடத்தில், மெக்கட்ரானிக்ஸ் படித்து உயர் நைடெக் முடித்திருக்கிறான். நல்ல மதிப்பெண். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. அக்கா உறவுக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பையன் மெதுவாகச் சொன்னான்: "அம்மா, நான் ஐடிஇ-யிலேயே வேலை-கல்வி டிப்ளோமா செய்யலாம்னு நினைக்கிறேன்."

மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"பாலி கிடைச்சும் வேணாங்குறான் பாரு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இப்ப என்னன்னு சொல்றது? ரேடியோவில ஊருக்கெல்லாம் பேசுறியே, நீயாவது எடுத்துச் சொல்லு."

அவனுடைய பதில் எளிமையாக இருந்தது. "சித்தி, எனக்கு மெஷினைத் தொட்டாதான் மண்டையில ஏறுது. இதுல வாரத்துல பாதி நாளுக்கு மேல கம்பெனியில இருப்பேன். சம்பளம் வரும். முடிக்கும்போது டிப்ளோமாவும் இருக்கும்."

அக்காவுக்கு ஆதரவாகப் பேச வாயெடுத்தேன். பேச முடியவில்லை. அதற்கு நான் ஒருமுறை செய்த தவறுதான் காரணம்.

வானொலி வேலைக்கு வந்த புதிதில், நேரலை நிகழ்ச்சி ஒன்றில் ஐடிஇ-யின் மூன்று எழுத்துகளை வைத்து அந்தப் பழைய கேலியைச் சொன்னேன். 'இட்ஸ் தி எண்ட்'. பக்கத்தில் இருந்த சக அறிவிப்பாளர் சிரித்தார், நானும் சிரித்தேன், அடுத்த பாட்டைப் போட்டோம். பாட்டு முடிவதற்குள் ஓர் அம்மா அழைத்தார். திட்டவில்லை. "என் பையன் அங்கதான் சேர்ந்திருக்கான்மா. கார்ல பின்னாடி உட்கார்ந்து உங்க ஷோவைத்தான் கேட்டுக்கிட்டிருந்தான். இப்ப பேசாம வர்றான்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பையனிடம் கேட்டேனா என்றால், இல்லை. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அதனால் இம்முறை, பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

பட்டறையில் தொடங்கிய பாடம்

செம்பவாங்கின் கதையே கைத்தொழிலின் கதைதான். இங்குள்ள மாபெரும் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938 பிப்ரவரி 14ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்று உலகின் மிகப் பெரிய உலர்துறைகளில் அதுவும் ஒன்று. கப்பலை உள்ளே விட்டு, நீரை வெளியேற்றி, அடிப்பாகத்தைப் பழுதுபார்க்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் தளத்தைச் சுற்றிக் குடியேறினார்கள். இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் முதலில் கான்பரா ரோட்டுப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் தொடங்கியது. தளத்தின் ஊழியர்கள் அங்கே பங்குனி உத்திரம் கொண்டாடியதை எங்கள் பாட்டி கதை கதையாகச் சொல்வார்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்ளப்போவதாக அறிவித்தது. படைத்தளங்களை நம்பியிருந்த பொருளியலின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. எங்கள் தாத்தாவைப் போன்றவர்களுக்குத் தூக்கம் போன காலம் அது. அந்த ஆண்டு டிசம்பரில் கப்பல் பட்டறை ஒரு வெள்ளி என்ற அடையாளத் தொகைக்குச் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டு, செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனமாக மாறியது. போர்க்கப்பல்களைப் பழுதுபார்த்தவர்கள் வணிகக் கப்பல்களுக்கு மாறினார்கள். அவர்களுடைய கைத்திறன் அந்த மாற்றத்துக்குத் தோள் கொடுத்தது.

அதே ஆண்டில் கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விப் பிரிவு உருவானது. 1969 முதல் உயர்நிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் பையன்கள் எல்லாரும், பெண்களில் பாதிப் பேரும் தொழில்நுட்பப் பாடம் படிக்க வேண்டும் என்று ஆனது. உங்கள் வீட்டில் மாமாவோ பெரியப்பாவோ தகரத்தில் குப்பை முறம் செய்து பள்ளியிலிருந்து எடுத்து வந்த கதையைச் சொல்லியிருந்தால், அது இந்தக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

அடுத்து வந்ததுதான் நமக்குச் சுவாரசியமான பகுதி. புதிய தொழிற்சாலைகளுக்குத் துல்லியப் பொறியியல் தெரிந்தவர்கள் தேவைப்பட்டபோது, பொருளியல் வளர்ச்சிக் கழகம் நிறுவனங்களோடு சேர்ந்து பயிற்சி நிலையங்களை அமைத்தது. அவற்றில் முதலாவது, 1972இல் இந்தியாவின் டாடா நிறுவனத்துடன் இணைந்து தொடங்கிய நிலையம். ஜெர்மனியின் ரோலை கேமரா நிறுவனத்துடன் 1973இலும், ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துடன் 1975இலும் இதேபோன்ற நிலையங்கள் வந்தன. பின்னர் ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் அரசுகளுடன் சேர்ந்த கழகங்கள் தோன்றி, 1990களின் தொடக்கத்தில் அவை நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியோடு இணைந்தன.

அந்த ஜெர்மன்-சிங்கப்பூர் கழகத்தில் உருவான யோசனைதான் 'கற்பிக்கும் தொழிற்சாலை'. அதை முன்னெடுத்த லின் செங் டோன், பிறகு நன்யாங் தொழிற்கல்லூரியின் முதல் முதல்வரானார். கல்லூரிக்குள்ளேயே ஒரு தொழிற்சாலை போன்ற சூழல் இருக்கும். நிறுவனங்கள் தங்கள் உண்மையான வேலையைக் கொண்டுவந்து கொடுக்கும். விரிவுரையாளரும் மாணவரும் சேர்ந்து அதைச் செய்து முடிக்க வேண்டும். பயிற்சிக்காகச் செய்த பொருள் தவறினால் மதிப்பெண் போகும். வாடிக்கையாளருக்காகச் செய்த பொருள் தவறினால் அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் பள்ளிக்குள்ளேயே உணர்ந்துவிடுகிறார். ஆகவே, பாலியில் வெறும் விரிவுரைதான் என்று என் அக்கா மகன் நினைப்பதும் முழு உண்மை இல்லை.

கெட்டுப்போன சென்சரும் 24 வோல்ட்டும்

1992 ஏப்ரலில் பிறந்த ஐடிஇ, பாடத்திட்டத்தின் பெரும்பகுதியைச் செய்முறைக்கே ஒதுக்குகிறது. அங்கே பாடம் நடத்தும் முறைக்கு நான்கு படிகள் உண்டு: திட்டமிடு, தேடிப்பார், பயிற்சி செய், செய்துகாட்டு. இதைக் கேட்டபோது எனக்கு விளம்பர வாசகம் போலத்தான் இருந்தது. பையன் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்துப் படம் போட்டுக் காட்டியபோதுதான் புரிந்தது.

ஒரு சிறிய கன்வேயர் பெல்ட். அதன்மேல் ஒரு டப்பா வருகிறது. ஓரத்தில் இருக்கும் சென்சர் டப்பாவைக் கண்டுகொண்டால், காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரு தண்டு நீண்டு டப்பாவைப் பக்கத்துத் தட்டில் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் கட்டுப்படுத்த பிஎல்சி எனப்படும் சிறு தொழிற்சாலைக் கணினி. மாணவர்கள் அதை இணைத்து, நிரல் எழுதி, ஓடவைக்கிறார்கள். பிறகு ஆசிரியர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, எங்கோ ஒரு கோளாற்றை வேண்டுமென்றே வைத்துவிட்டு உள்ளே கூப்பிடுகிறார். டப்பா வருகிறது, தண்டு அசையவில்லை.

"புதுசா வந்தவன் உடனே நிரலைத் திருத்த ஆரம்பிப்பான் சித்தி. அது தப்பு. முதல்ல மல்டிமீட்டரை எடுத்து 24 வோல்ட் வருதான்னு பார்க்கணும். அப்புறம் டப்பாவைக் காட்டினா சென்சர் விளக்கு எரியுதா? எரிஞ்சா, பிஎல்சி உள்ளீட்டு விளக்கும் எரியுதா? அதுவும் எரிஞ்சா கோளாறு அதுக்கு அந்தப் பக்கம். காற்றுக் குழாய் வால்வை யாராவது மூடியிருக்காங்களான்னும் பார்க்கணும்."

அதாவது, வரிசையாகச் சோதித்துக் கோளாறு இருக்கும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே போவது. இதைப் பலகையில் எழுதி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் இயந்திரம் நின்று, பின்னால் மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பதறாமல் அந்த வரிசையில் போவது, பலமுறை செய்து பார்த்தவருக்குத்தான் வரும். எனக்கு இது நன்றாகவே தெரியும். ஊடகப் பட்டப்படிப்பில் நேரலை பற்றி நிறைய படித்தேன். முதல் முறை ஒலிபரப்பில் மைக் வேலை செய்யாமல் நான்கு விநாடி அமைதி ஆனபோது, படித்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற மூத்த அறிவிப்பாளர் கையை நீட்டி ஒரு பொத்தானைத் தள்ளினார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இதில் ஒரு தவறான புரிதலும் உண்டு. செய்முறைக் கல்வி என்றால் கணக்கு வராதவர்களுக்கு என்று பலர் நினைக்கிறோம். ரோபோ கை ஒன்றை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்த, மூன்று அச்சுகளில் அதன் இருப்பிடமும் மூட்டுகளின் கோணங்களும் தெரிய வேண்டும். சிஎன்சி இயந்திரத்தில் ஒரு எண் மாறினால் வெட்டும் முனை இரும்பில் மோதி உடையும். கணக்கு அங்கே இல்லாமல் போகவில்லை. எதற்காக அதைப் படிக்கிறோம் என்பது கண்முன்னால் தெரிகிறது, அவ்வளவுதான். அதே நேரத்தில், பொத்தானை அழுத்தப் பழகி, ஏன் என்று கேட்காமல் விட்டுவிடும் மாணவர், இயந்திரம் மாறும்போது தவித்துப்போவார். கைக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதில்லை. கோயம்புத்தூரில் 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கிய ஜி.டி.நாயுடு, பொறியியல் படிப்புக்கு இத்தனை ஆண்டு எதற்கு, பட்டறையில் பழகினால் சீக்கிரமே கற்றுக்கொள்ளலாமே என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவர் தொடங்கியதுதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அண்மையில் தமிழக அரசு, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ.2,877 கோடி செலவில் ரோபோ, சிஎன்சி, முப்பரிமாண அச்சு போன்ற வசதிகளுடன் மேம்படுத்தியிருக்கிறது. அங்கேயும் "ஐடிஐ-யா?" என்று இழுக்கும் உறவினர்களுக்குப் பஞ்சமில்லை.

ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே பதின்ம வயதிலேயே பலர் நிறுவனத்தில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்து, சில நாள் வேலை, சில நாள் பள்ளி என்று படிக்கிறார்கள். தேர்ந்தவர் பிறகு 'மாய்ஸ்டர்' ஆகலாம். அந்தப் பட்டத்துக்குச் சமூகத்தில் மரியாதை உண்டு. அந்த இரட்டைப் பயிற்சி முறையைப் பார்த்துத்தான் 1990இல் சிங்கப்பூரும் தன் பயிற்சித் தொழிலாளர் திட்டத்தைப் புதுப்பித்தது. 2018இல் ஐடிஇ தொடங்கி, இன்று வேலை-கல்வி டிப்ளோமா எனப்படும் திட்டமும் அதே வழியில் வந்ததுதான். மாணவர் நிறுவனத்தின் ஊழியராகச் சேர்ந்து, சம்பளம் பெற்று, பயிற்சியின் பெரும்பகுதியை வேலையிடத்திலேயே முடிக்கிறார்.

அக்காவின் பயம் வெறும் கௌரவப் பிரச்சினையா?

அப்படித்தான் நான் நினைத்தேன். இரவு பாத்திரம் கழுவும்போது அக்கா சொன்னதைக் கேட்டபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. "பேருக்காக மட்டும் சொல்லலடி. பத்து வருஷம் கழிச்சு இவன் சம்பளம் என்ன ஆகும்? கூடப் படிச்சவன் எல்லாம் மேல போய்ட்டா?"

நியாயமான கேள்வி. ஐடிஇ பட்டதாரிகளின் சம்பளத்துக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் சம்பளத்துக்கும் இடைவெளி இருப்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதனால்தான் 2024 வரவு செலவுத் திட்டத்தில் ஐடிஇ முன்னேற்ற விருது அறிவிக்கப்பட்டது. 30 வயதுக்கு உட்பட்ட ஐடிஇ பட்டதாரி டிப்ளோமாவில் சேரும்போது உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி; முடிக்கும்போது மத்திய சேம நிதியில் 10,000 வெள்ளி. 2022 முதல் படிப்படியாக, மூன்றே ஆண்டில் நேரடியாக உயர் நைடெக் பெறும் வழியும் வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் 2024இல் முதலாம் ஆண்டுக்கு வந்த மாணவர்களிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன.

பணமும் திட்டமும் ஒரு பக்கம். சாப்பாட்டு மேசையில் நாம் பேசும் பேச்சு இன்னொரு பக்கம். ஏர்கான் கெட்டுப்போனால் "நல்ல ஆள் யாராவது இருக்காங்களா?" என்று குழு முழுக்கக் கேட்கிறோம். அதே நல்ல ஆளாக நம் பிள்ளை வரப்போகிறான் என்றால் குரல் இறங்கிவிடுகிறது. பெண்பிள்ளை பொறியியல் பட்டறைக்குப் போகிறேன் என்றால் இன்னும் இறங்குகிறது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

கடைசியில் அக்கா, அத்தான், பையன், நான் நால்வரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். வேலை-கல்வி டிப்ளோமா நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது; எந்த நிறுவனத்தில், யாரிடம் கற்கிறோம் என்பதைப் பொறுத்தது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால் உதவலாம் என்பதற்காக எங்கள் கேள்விகளை இங்கே தருகிறேன்.

வேலையிடத்தில் பயிற்சி கொடுப்பவர் யார்? அவருக்குக் கற்பிக்க நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, தன் வேலைக்கு நடுவே பார்த்துக்கொள்வாரா? முதல் ஆண்டில் எந்தெந்த இயந்திரத்தைத் தொட விடுவார்கள்? ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்களா, பிரிவுகளுக்கு மாற்றுவார்களா? வகுப்புக்குப் போகும் நாளில் அவசர வேலை வந்தால் எது முதலில்? படிப்பு முடிந்ததும் எவ்வளவு காலம் அங்கேயே இருக்க வேண்டும்? சம்பளம் எந்தப் படியில் உயரும்? பிறகு பட்டப்படிப்புக்குப் போக விரும்பினால் வழி இருக்கிறதா?

பையன் இந்தப் பட்டியலோடு இரண்டு நிறுவன நேர்காணல்களுக்குப் போனான். ஓர் இடத்தில் இரண்டாவது கேள்விக்கே பதில் தடுமாறியதாம். இன்னோர் இடத்தில் பயிற்சி மேற்பார்வையாளரே அவனைப் பட்டறைக்குள் அழைத்துப்போய், தான் கற்றுத்தரப்போகும் இயந்திரத்தைக் காட்டினாராம். அவனுக்கு அங்கேயே மனம் ஒட்டிவிட்டது. அக்கா, "சரி, ஆனா இடையில விட்டா பாரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பயம் முழுதாகப் போகவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள், "மகன் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமா படிக்கிறான்" என்று ஒரு வரி போட்டார். கீழே நிறைய பூங்கொத்துப் படங்கள் வந்தன.

நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 மே மாதம் முதல் உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி இருக்கிறது. பிள்ளைக்குத்தான் படிப்பு என்று எண்ண வேண்டாம்.

செம்பவாங்கும் மாறிக்கொண்டிருக்கிறது. கப்பல் பட்டறையை நடத்திவந்த செம்ப்கார்ப் மரீன், 2023இல் கெப்பலின் கடல்துறைப் பிரிவோடு இணைந்து சீட்ரியம் ஆனது. தாத்தா வேலை செய்த இடம் நாளை நாம் குடும்பத்தோடு நடந்துபோகும் கடலோரப் பகுதியாக மாறும் என்கிறது நகரத் திட்டம்.

போன வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தபோது, இழுப்பறையைத் திறந்து அந்த அரத்தைக் கேட்டான். அம்மா முதலில் தயங்கினார். பிறகு கொடுத்துவிட்டார். எங்கிருந்தோ ஒரு இரும்புத் துண்டு கொண்டுவந்திருந்தான். பின்கட்டில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தேய்த்தான். மழுங்கிய அரம், கீச்சுக் கீச்சென்று சத்தம். தேய்த்து முடித்து, எஃகு அளவுகோலை அதன்மேல் வைத்து விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். நானும் எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் வெளிச்சம் நன்றாகவே தெரிந்தது.

"கொள்ளுத்தாத்தா என்ன சொல்லியிருப்பாரு சித்தி?"

"முதல்லேர்ந்து தேய்க்கச் சொல்லியிருப்பாரு."

சிரித்துக்கொண்டே இரும்பை மறுபடியும் இறுக்கினான்.